நினைவில் நில்லாத இரவுகள்: ஒரு வாசகரின் அச்சத்துக்குப் பதில்

வாசகரின் கேள்வி: எனக்கு வயது 36. உறக்கத்தைப் பற்றிய சிந்தனை சில மாதங்களாக என்னை விடாமல் தொடர்கிறது. சில இரவுகளில் கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுகிறது. சில விடியற்காலைகளில் விழித்த பிறகும் கை கால்களை அசைக்க முடியாமல், அறையில் யாரோ நிற்பது போன்ற திகிலோடு கிடக்கிறேன். இவற்றைக் காட்டிலும் என்னை அச்சுறுத்துவது வேறொன்று. பெரும்பாலான இரவுகளில் எதுவுமே இல்லை. படுத்தது தெரிகிறது, எழுந்தது தெரிகிறது, நடுவில் நான் இல்லாமலே போய்விட்டேன் என்று தோன்றுகிறது. உறங்கிப்போகும் கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று படுக்கையில் விழித்திருந்து கவனிக்கிறேன். கனவை வசப்படுத்துவதற்காக அதிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மீண்டும் படுக்கிறேன். உறக்கத்தில் நான் எங்கே போகிறேன்? ஆழ்ந்த உறக்கத்திலும் ஒரு சாட்சி விழித்திருப்பதாகத் தத்துவங்கள் சொல்வதை அறிவியல் ஏற்கிறதா? எனக்கு ஏதேனும் நோயா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவலை தீராமல் மற்றவற்றை நீங்கள் அமைதியாகப் படிக்க முடியாது. கனவென்று அறிந்தே காணும் கனவு, விழித்தபின் உடல் அசையாமல் கிடப்பது, எதுவும் நினைவில் இல்லாத இரவு ஆகிய மூன்றும் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கும் நேர்பவை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், மூளைநோய்க்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை. உறக்க மருத்துவர் என்ற முறையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த 4 மணி அலாரமும், உறங்கும் கணத்தைப் பிடிப்பதற்காக விழித்துக் கிடக்கும் வழக்கமும்தான். அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உங்கள் அச்சம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. நினைவில் எதுவும் இல்லையென்றால் அனுபவமும் இருந்திருக்காது, அனுபவம் இல்லையென்றால் நானும் இருந்திருக்க மாட்டேன் என்பதே அந்த அனுமானம். இதன் இரண்டு படிகளுமே உறுதியற்றவை என்பதைத்தான் உங்களுக்கு நான் விளக்க விரும்புகிறேன். ஒன்றை அனுபவிப்பது, அதை நினைவில் பதித்துக்கொள்வது, ‘இதை அனுபவிப்பவன் நான், இப்போது என் நிலை இது’ என்று தன்னை அறிந்துகொள்வது ஆகிய மூன்றும் விழித்திருக்கும் நேரம் முழுவதும் ஒன்றாகவே செல்கின்றன. அதனால் மூன்றும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். உறக்கத்தில் அவை தனித்தனியே பிரிகின்றன. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இல்லாமல் போகிறது. உங்களுடைய மூன்று வகை இரவுகளும் இந்தப் பிரிவின் மூன்று தோற்றங்கள்.

உறக்கம் என்பது மூளை ஓய்ந்து கிடக்கும் ஒரே சீரான நிலை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், தன் மகன் உறங்கும்போது கருவிகளைப் பொருத்தி, மூடிய இமைகளுக்குள் விழிகள் திடீரென்று விரைந்து அசையும் கட்டங்கள் இரவில் பலமுறை வந்துபோவதைக் கண்டார். அவரும் அவருடைய ஆசிரியர் நத்தானியல் கிளைட்மனும் 1953-இல் அதை வெளியிட்டனர். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரின் சுருக்கமே ‘ரெம்’. 1957-இல் வில்லியம் டிமெண்ட்டும் கிளைட்மனும் வெளியிட்ட ஆய்வில், ரெம் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது முறை கனவைச் சொன்னார்கள். மற்ற நிலைகளிலிருந்து எழுப்பப்பட்டபோது மிகச் சில முறையே சொன்னார்கள். அங்கிருந்துதான் ‘ரெம் என்றால் கனவு, மற்றதெல்லாம் வெறுமை’ என்ற எளிய சமன்பாடு பரவியது. இன்றும் பல பாடநூல்களிலும் காணொளிகளிலும் அதுவே சொல்லப்படுகிறது. நீங்களும் அதைப் படித்துவிட்டுத்தான், கனவில்லாத இரவை நீங்களே இல்லாத இரவு என்று முடிவு செய்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அந்தச் சமன்பாடு நீடிக்கவில்லை. 1962-இல் டேவிட் ஃபோல்க்ஸ் கேள்வியை மாற்றிக் கேட்டார். எழுப்பப்பட்டவரிடம் ‘கனவு கண்டீர்களா?’ என்று கேட்காமல், ‘எழுப்புவதற்குச் சற்று முன்பு உங்கள் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?’ என்று கேட்டபோது, ரெம் அல்லாத உறக்கத்திலிருந்தும் பாதிக்கும் மேற்பட்ட முறை ஏதோ ஒரு பதில் கிடைத்தது. அது கதை போன்ற கனவாக இல்லாமல் ஒரு காட்சித் துணுக்காகவோ, திரும்பத் திரும்ப வரும் ஓர் எண்ணமாகவோ, வெறும் உடலுணர்வாகவோ இருந்தது; ஆனால் வெறுமையாக இல்லை. 1997-இல் மார்க் சோல்ம்ஸ் மூளைக் காயமடைந்த நோயாளிகளைக் குறித்த தம் ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, ரெம் உறக்கத்தை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதிகள் கெடாமல் இருந்தும், பெருமூளையின் குறிப்பிட்ட சில இடங்கள் சேதமடைந்தால் கனவு நின்றுபோவதைக் காட்டினார். ரெம் உறக்கமும் கனவும் அடிக்கடி சேர்ந்து வருபவை; அவை ஒன்றல்ல.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது 2017-இல் பிரான்செஸ்கா சிக்லாரி, ஜூலியோ டொனோனி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. உறங்குபவரின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட வலையைப் பொருத்தி, ஒரே இரவில் பலமுறை எழுப்பிக் கேட்டார்கள். பதில்கள் மூன்று வகையாக இருந்தன. சிலமுறை அனுபவத்தை விவரித்தார்கள். சிலமுறை ‘ஒன்றும் இல்லை’ என்றார்கள். மற்ற முறைகளில், ‘ஏதோ இருந்தது, நான் அனுபவித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை’ என்றார்கள். இந்த மூன்றாம் வகைப் பதில்கள் ரெம் அல்லாத உறக்கத்தில் கணிசமாக இருந்தன. அவர்கள் ஒப்புக்காகச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாதபடி, மூளையின் பதிவும் அவர்கள் பக்கமே நின்றது. விவரம் நினைவிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ‘அனுபவம் இருந்தது’ என்று சொன்ன போதெல்லாம் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளிப்பரப்பின், பின்பகுதியில், எழுப்புவதற்கு முந்தைய விநாடிகளில், உறக்கத்துக்கே உரிய மெதுவான அலைகள் குறைந்திருந்தன. ‘ஒன்றும் இல்லை’ என்ற போது அதே இடத்தில் அந்த அலைகள் மிகுந்திருந்தன. ரெம், ரெம் அல்லாத நிலை இரண்டிலும் இதே அடையாளம் கிடைத்தது. விவரம் நினைவில் நின்ற கனவுகளின்போது மட்டும், அதற்கும் மேலாக, முன்பகுதியை உள்ளிட்ட வேறு சில இடங்களில் விரைவான அலைகள் கூடியிருந்தன.

இதன் பொருளைச் சற்று நின்று பாருங்கள். அனுபவித்து மறந்ததும், அனுபவிக்கவே இல்லாததும் காலையில் உங்களுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. மூளையின் பதிவில் அவை வேறு வேறாக இருக்கின்றன. அப்படியென்றால் ‘நான் இல்லாத இரவுகள்’ என்று நீங்கள் கணக்கிட்டிருப்பவற்றில் பெரும்பகுதி, நீங்கள் இருந்து, கண்டு, பிறகு இழந்துவிட்ட நேரங்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன். கனவே காண்பதில்லை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த சிலர், உறக்கத்தில் பேசுவதையும், சண்டையிடுவதுபோல் கைகளை வீசுவதையும் பாரிஸ் ஆய்வாளர்கள் காணொளியில் பதிவு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். ரெம் உறக்கத்தில் இயல்பாகத் தளர வேண்டிய உடல் தளராமல் போகும் ஒரு நோய் அவர்களுக்கு இருந்ததால், அவர்களுடைய கனவு வெளியே தெரிந்தது. எழுந்ததும் அவர்களுக்கு எதுவும் நினைவில் இல்லை.

மறதி ஏன் இவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதற்கும் காரணம் தெரியும். விழிப்பில் நினைவைப் பதிப்பதற்குத் துணைநிற்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைத்தண்டு நரம்பணுக்கள், ரெம் உறக்கத்தில் ஏறத்தாழ முற்றிலும் ஓய்ந்துவிடுகின்றன. 2019-இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ரெம் உறக்கத்தின்போது இயங்கும் ஒருவகை நரம்பணுக்கள் மறதியைத் தீவிரமாகவே உண்டாக்குகின்றன என்றும், அவற்றைத் தடுத்தால் நினைவு மேம்படுகிறது என்றும் காட்டியது. கனவை மறப்பது குறைபாடு அல்ல, அந்நிலையின் இயல்பு என்று கொள்வதே பொருத்தம்.

ஆனால் எல்லா வெறுமையும் மறதி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எழுப்பிக் கேட்டபோது ‘ஒன்றும் இல்லை’ என்று வந்த பதில்கள் உண்மையானவை. குறிப்பாக இரவின் முதல் சில மணி நேரங்களில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில், பிரக்ஞை உண்மையாகவே மங்கி மறைகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. அப்போது மூளை அணுக்கள் இயக்கத்தை நிறுத்திவிடுவதில்லை. விநாடிக்கு ஒருமுறை என்னும் அளவில், புறணியின் பரந்த பகுதிகளில் உள்ள அணுக்கள் சேர்ந்தே இயங்கிச் சேர்ந்தே ஓய்கின்றன. நூறு பேர் ஆளுக்கொரு செய்தியைப் பரிமாறிக்கொண்டிருந்த கூடத்தில், அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே ஒலியை எழுப்பி ஒரே நேரத்தில் மௌனமாவது என்று ஆகிவிட்டால், ஓசைக்குக் குறைவிருக்காது, ஆனால் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது. ஆழ்ந்த உறக்கத்தின் மூளை அத்தகையது. 2005-இல் மார்செல்லோ மசிமினியும் டொனோனியும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். விழித்திருப்பவரின் மூளையில் ஓரிடத்தைக் காந்தத் துடிப்பால் தூண்டினால், அதன் எதிரொலி ஏறத்தாழ 300 மில்லிவிநாடிகள் வரை பல பகுதிகளுக்குப் பரவிச் சென்றது. அவரே ரெம் அல்லாத உறக்கத்தில் இருந்தபோது தூண்டினால், அது தோன்றிய இடத்திலேயே அடங்கிவிட்டது. அனுபவம் என்பதற்கு மூளை இயங்கினால் மட்டும் போதாது, அதன் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் வேண்டும் என்று இதிலிருந்து பலர் முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு எனக்கும் ஏற்புடையதே.

அந்த நேரத்தில் ‘நான் இருந்தேனா?’ என்று கேட்கிறீர்கள். அனுபவம் இல்லாமல் இருந்திருக்கலாம்; நீங்கள் இல்லாமல் போகவில்லை. உறங்குபவரின் காதில் பல பெயர்களைச் சொல்லும்போது, அவருடைய சொந்தப் பெயருக்கு மூளை காட்டும் எதிர்வினை மற்றப் பெயர்களுக்குக் காட்டுவதிலிருந்து வேறுபடுகிறது என்பது 1960-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட உண்மை. 2014-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், சொற்களைக் கேட்டு, விலங்கின் பெயரானால் ஒரு கையாலும் பொருளின் பெயரானால் மற்றொரு கையாலும் பொத்தானை அழுத்தும் பணியைக் கொடுத்து, அதைச் செய்துகொண்டிருக்கும்போதே பங்கேற்பாளர்களை உறங்கவிட்டார்கள். உறங்கிய பின் புதிய சொற்கள் ஒலித்தபோதும் சரியான கைக்கு உரிய மூளைப்பகுதி தயாரானது. கை மட்டும் அசையவில்லை. எழுந்த பிறகு அந்தச் சொற்களைக் கேட்டதாகவும் நினைவில்லை. உங்கள் பெயரை அறிந்த, மொழியை அறிந்த, அன்றைய நாளின் நினைவுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும் ஒரு மூளை அந்த இருளிலும் இடையறாது இயங்குகிறது. அனுபவம் சிறிது நேரம் எழவில்லை என்பதை அழிவு என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி கனவுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழானது: அனுபவம் நிறைந்திருக்கிறது, தன்னை அறியும் அறிவு மட்டும் விலகியிருக்கிறது. 1996, 1997-ஆம் ஆண்டுகளில் ரெம் உறக்கத்தின்போது மூளையைப் படம்பிடித்த ஆய்வுகள், அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா போன்ற பகுதிகள் மிகத் தீவிரமாக இயங்குவதையும், சீர்தூக்கிப் பார்த்தல், திட்டமிடல், ஐயப்படல் ஆகியவற்றுக்கு உதவும் நெற்றிப்பகுதி மூளையின் பக்கப் பரப்பு தணிந்திருப்பதையும் காட்டின. இறந்தவர் எதிரே வந்து பேசினாலும் கனவில் நாம் வியப்படையாமல் பதில் சொல்வது இதனால்தான். நீங்கள் கனவிலேயே ‘இது கனவு’ என்று உணரும் இரவுகளில், தணிந்திருந்த அந்த அறிவு, உறக்கம் கலையாமலே ஓரளவு திரும்பி வருகிறது. இதைத் தெளிகனவு என்று அழைக்கலாம்.

தெளிகனவை நெடுநாள் யாரும் நம்பவில்லை. உறங்குபவர் இடையில் விழித்திருப்பார், அல்லது எழுந்த பிறகு கதை கட்டியிருப்பார் என்றே கருதினர். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஓர் எளிய வழியைக் கையாண்டார். ரெம் உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்திருந்தாலும் விழித்தசைகள் தளர்வதில்லை. எனவே, கனவென்று தெரிந்ததும் விழிகளை முன்பே ஒப்புக்கொண்டபடி இடமும் வலமும் அசைக்கும்படி ஆலன் வோர்ஸ்லி என்ற பங்கேற்பாளரிடம் சொல்லியிருந்தார். அந்த அசைவுகள், ரெம் உறக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே பதிவுத்தாளில் வந்தன. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஸ்டீவன் லபெர்ஜும் தனியாக இதையே நிறுவினார். 2021-இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு ஆய்வகங்கள் 36 பேரைக் கொண்டு ஒரு படி மேலே சென்றன: கனவு காண்பவரிடம் கேள்வி கேட்டார்கள். ‘எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை?’ என்ற கேள்விக்கு ஒருவர் உறக்கத்திலிருந்தே விழிகளை இருமுறை அசைத்துப் பதில் சொன்னார். பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் வரவில்லை என்பதையும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு கேள்விக்கு மட்டுமே சரியான பதில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும், கனவு என்பது விழித்த பிறகு மூளை இட்டுக்கட்டுவது என்ற பழைய ஐயம் இதனால் தீர்ந்தது. அனுபவம் அங்கேயே, அப்போதே நிகழ்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழச் செய்த ஆய்வு இதுதான். உறங்கும் மனிதரின் பக்கத்தில் இரவெல்லாம் அமர்ந்திருந்தும், அவர் அந்நேரம் எதைக் காண்கிறார் என்று அறிய வழியின்றி இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய திறப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

விடியற்காலைத் திகிலும் இதே உடல் ஏற்பாட்டிலிருந்து எழுவதுதான். ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் தடைக் கட்டளைகள் கை, கால், உடல் தசைகளைத் தளர்த்திவிடுகின்றன. கனவில் ஓடும்போது நாம் படுக்கையிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பது அதனால்தான். சில சமயம் பிரக்ஞை முழுமையாகத் திரும்பிய பிறகும் இந்தத் தடை சில விநாடிகளோ சில நிமிடங்களோ நீடிக்கிறது. கனவுக்காட்சிகளை உண்டாக்கும் இயக்கமும் அப்போது முற்றிலும் ஓய்ந்திருக்காது. ஆகவே உண்மையான அறையும், இல்லாத ஆளும் ஒரே காட்சியில் கலந்துவிடுகின்றன. மார்பை யாரோ அழுத்துவது போன்ற உணர்வுக்கும் காரணம் எளியது: மூச்சை நடத்தும் உதரவிதானம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் பெருமூச்சு இழுக்க உதவும் மார்புத் தசைகள் உங்கள் விருப்பத்துக்கு இணங்குவதில்லை. மூச்சு நின்றுவிடாது. நூற்றில் ஏறத்தாழ 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது நேர்கிறது. அடுத்த முறை நேரும்போது எழுந்துவிடப் போராடாமல், விழிகளை மெல்ல அசைத்து, ஒரு கால்விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். பலருக்கு இது பயன்படுகிறது.

உறக்க முடக்கம் எனப்படும் இந்த நிலைக்கு வழிவகுப்பவற்றில் முதன்மையானவை உறக்கக் குறைவு, ஒழுங்கற்ற உறக்க நேரம், உறக்கத்தை இடையில் முறிப்பது ஆகியவை. மல்லாந்து படுப்பதும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். இப்போது உங்கள் அலாரத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் உறக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம்; முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கமும், கடைசிச் சுற்றுகளில் ரெம் உறக்கமும் மிகுந்திருக்கும். 4 மணிக்கு எழுந்து மீண்டும் படுப்பவர், ரெம் மிகுந்த பகுதிக்குள் விழிப்போடு நுழைகிறார். தெளிகனவு வருவதற்கு அதுதான் தகுந்த வழி. அந்த முறை பலிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதே காரணத்தால் உறக்க முடக்கம் வருவதற்கும் அதுவே தகுந்த வழி. நீங்கள் விரும்பி வரவழைப்பதும், கண்டு அஞ்சுவதும் ஒரே செயலின் விளைவுகளாகவே எனக்குத் தெரிகின்றன. நாள்தோறும் இப்படிச் செய்வதால் சேரும் உறக்கக் கடன், பகலில் உங்கள் அச்சத்தை மேலும் வளர்க்கிறது. போதிய உறக்கம் இல்லாத மூளை அச்சத்தைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்குகிறது.

உறங்கிப்போகும் கணத்தைப் பிடிக்க முடியாததற்கும் உங்கள் கவனக்குறைவு காரணமல்ல. மூளை முழுவதும் ஒரே நேரத்தில் உறங்குவதில்லை. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளில் பார்த்தபோது, புலன்செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸ் முதலில் அடங்குவதும், புறணி அதற்குப் பல நிமிடங்கள் கழித்தே அடங்குவதும் தெரிந்தது. எல்லைக்கோடு என்று ஒன்று இல்லாத இடத்தில் நீங்கள் கோட்டைத் தேடுகிறீர்கள். அதோடு, உறங்குவதற்குச் சற்று முந்தைய நிமிடங்களில் நிகழ்ந்தவை நினைவில் நன்றாகப் பதிவதில்லை. அந்தக் கணத்தை நீங்கள் உண்மையாகவே கண்டிருந்தாலும் காலையில் அது உங்களிடம் இருக்காது. கூர்ந்து கவனிப்பது நெற்றிப்பகுதி மூளையை விழிப்பிலேயே நிறுத்தி உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. தூக்கமின்மைக்காக வருபவர்களில் பலர், உறக்கம் வருகிறதா என்று காத்திருந்தே அதை விரட்டியவர்கள்.

சாட்சியைப் பற்றி. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்று உயிரின் நிலைகளைச் சைவ சித்தாந்தம் ஐந்தாகப் பகுத்தது. ‘சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியவில்லை’ என்று எழுந்தவர் சொல்வதால், அந்தச் சுகத்தையும் அறியாமையையும் அறிந்த ஒன்று உறக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அத்வைதம் வாதிட்டது. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. எனினும், எழுந்தபின் உடல் இலேசாக இருப்பதைக் கண்டு ‘சுகமாக உறங்கினேன்’ என்று நாம் ஊகித்துச் சொல்லவும் கூடும் என்ற மறுப்பு வலுவானது. ஆய்வாளர்களிடையே இப்போது ஒரு திறந்த மனம் தெரிகிறது. கனவில்லாத உறக்கத்தை ஒரே வெறுமை என்று கொள்ளாமல், உருவமோ கதையோ இல்லாத வெறும் உணர்நிலை அதில் சில சமயம் இருக்கலாம் என்று 2016-இல் ஜெனிஃபர் விண்ட், டோர் நீல்சன், எவன் தாம்ப்சன் ஆகியோர் எழுதினார்கள். இருந்ததா என்று அறிய உறங்கியவரின் சொல்லையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது, அந்தச் சொல்லோ நினைவை நம்பியிருக்கிறது என்பதுதான் இதில் உள்ள இடர். அறிவியல் அந்தச் சாட்சியை நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நரம்பணுக்களின் இயக்கம் ஏன் அனுபவமாக உணரப்படுகிறது என்ற அடிப்படைக் கேள்வியும் தீராமல்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை நீங்கள் தொடர்ந்து சிந்திப்பதை நான் தடுக்க மாட்டேன்; அது பகலில் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த நான்கு வாரங்களுக்கு 4 மணி அலாரத்தை முற்றிலும் நிறுத்துங்கள். எழும் நேரத்தை எல்லா நாளும் ஒன்றாக வைத்து, குறைந்தது 7 மணி நேரம் இடையறாத உறக்கத்துக்கு இடம் கொடுங்கள். பக்கவாட்டில் படுங்கள். உறக்கம் வராமல் நெடுநேரம் கிடக்க நேர்ந்தால், அதைக் கவனித்துக்கொண்டிராமல் எழுந்து மங்கிய ஒளியில் அமைதியான ஏதேனும் ஒன்றைச் செய்துவிட்டு, கண் செருகும்போது திரும்புங்கள். கனவுகளை அறிய விரும்பினால், தானாக விழிப்பு வந்ததும் புரளாமல், கண்களைத் திறக்காமல் சிறிது நேரம் கிடந்து, மனத்தில் எஞ்சியிருப்பது எதுவானாலும், ஓர் உணர்ச்சி மட்டுமேயானாலும், அதைச் சில சொற்களில் குறித்துவையுங்கள். ‘எதுவுமே இல்லை’ என்று நீங்கள் நினைத்த இரவுகளின் எண்ணிக்கை குறைவதை நீங்களே காண்பீர்கள். பகலில் ‘இது கனவா, நனவா?’ என்று அடிக்கடி சோதித்துப் பார்க்கும் பயிற்சியையும் செய்துவந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கலங்கியிருப்பவர்களுக்கு, சுற்றியிருப்பவை உண்மையற்றவை போலத் தோன்றும் உணர்வை அது கூட்டக்கூடும்.

போதிய உறக்கத்துக்குப் பிறகும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால்கள் திடீரென்று தளர்ந்தாலோ, முடக்கம் வாரத்தில் பலமுறை தொடர்ந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இவை நார்கோலெப்சி என்னும், மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். கனவுக்கேற்ப உண்மையாகவே உதைப்பது, அடிப்பது, கட்டிலிலிருந்து விழுவது ஆகியவற்றை உங்களிடமோ வீட்டில் மற்றவரிடமோ கண்டாலும் அவ்வாறே செய்யுங்கள். அவை 50 வயதைக் கடந்தவரிடம் தோன்றினால் இன்னும் கவனம் வேண்டும். 1986-இல் முதலில் முறையாக விவரிக்கப்பட்ட அந்த நிலை, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் நோய்க்கு முன்னறிவிப்பாக அமைகிறது. சில மனச்சோர்வு மருந்துகளும் அதை உண்டாக்கும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான்கு வாரங்களுக்குப் பிறகும், ‘உறக்கத்தில் நான் இல்லாமல் போய்விடுவேன்’ என்ற அச்சம் உங்களைப் படுக்கைக்குப் போகத் தயங்க வைத்தால், அது பதற்றநோயாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. எந்த மருத்துவரைப் பார்த்தாலும், படுத்த நேரம், எழுந்த நேரம், முடக்கம் நேர்ந்த நாள், எந்தப் பக்கமாகப் படுத்திருந்தீர்கள் என்பது ஆகியவற்றை இரண்டு வாரமாவது எழுதிவைத்த குறிப்பை உடன் கொண்டுசெல்லுங்கள்.